ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து எதற்கு?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ந-ன, ர-ற குழப்பத்தால் தமிழ்த் தேர்வில் மதிப்பெண் குறைகிறது. “ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் எதற்கு இரண்டிரண்டாக?” என்று கேட்கிறாள். ஐ, ஔ கூடத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: நியாயமான கேள்வி. அதட்டி அடக்கிவிடாதீர்கள்.

முதலில் ந, ன. ‘பந்து’ என்று சொல்லி, நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பல்லைத் தொடும். ‘கன்று’ என்றால் பல்லுக்கு மேலே ஈறு இருக்கும் பக்கம் போகும். ந-வுக்குத் தந்நகரம், ன-வுக்கு றன்னகரம் என்ற பெயர்களே அந்த இடத்தைச் சொல்லிவிடுகின்றன. மலையாளத்தில் இந்த இரண்டு ஒலிகளும் உண்டு, எழுத்து ஒன்றுதான், அவர்கள் தடுமாறுவதில்லை. ஆகவே இங்கே ஓர் எழுத்து போதும் என்று யாராவது வாதிட்டால் நான் கோபப்பட மாட்டேன். ஆனால் தமிழில் முந்நாள் என்றால் மூன்று நாள். முன்னாள் என்றால் முந்தைய காலம். இதைக் காட்டினால் குழந்தைக்குப் புரியும். விதியும் சிறியதுதான்: சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. வெந்நீர், செந்நிறம் போன்றவற்றில் இரண்டாம் சொல் ந-வில் தொடங்குவதால் அது நடுவிலும் வந்துவிடுகிறது.

ர, ற விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரை-கறை, இரை-இறை, மரம்-மறம், எரி-எறி என்று பொருளே மாறிவிடும். நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் மொழியிலேயே ஒன்றாகிவிட்டதாக நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’ என்று சொல்லும்போது கேட்டிருக்கிறீர்களா? தகரமும் இல்லாமல் டகரமும் இல்லாமல் நடுவே ஒரு வல்லொலி கேட்கும். றகரம் வல்லினத்தில் ஏன் இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

மகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள். ‘-று’வா ‘-ரு’வா என்ற ஐயம் வந்தால் சொல்லோடு ‘இல்’ சேர்த்துப் பார்க்கட்டும். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும், சோறு சோற்றில் ஆகும். இரட்டித்தால் றகரம்தான், ஏனென்றால் ரகரம் ஒருபோதும் இரட்டிக்காது. பேச்சில் ‘வயித்துல’, ‘கெணத்துல’ என்கிறோமே, அந்தத் ‘த்து’வுக்குள் ஒளிந்திருப்பதும் றகரமே. பள்ளிக்கூடத்தில் பிழை என்று திருத்தப்படும் வீட்டுப் பேச்சே இங்கே அவளுக்குக் கைகொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ன்-க்கு அடுத்து ர-வா ற-வா என்ற ஐயம் வந்தால் ற தான்: நன்றி, தென்றல். ற் வந்தபின் இன்னோர் ஒற்று வராது. ‘முயற்ச்சி’ தவறு, ‘முயற்சி’ சரி. ரகரத்துக்கு அந்தத் தடையில்லை: பயிர்ச்செய்கை, பார்க்க. கரை, கறை போன்றவற்றுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. பொருளோடு சேர்த்து மனத்தில் பதிய வேண்டும்.

ஐ, ஔ பற்றிக் கேட்டீர்கள். அய், அவ் என்றே எழுதலாம் என்று பெரியார் எழுதியும் காட்டினார். 1978இல் தமிழக அரசு அவருடைய சீர்திருத்தங்களில் ணா, றா, னா, லை, னை போன்ற வடிவ மாற்றங்களை ஏற்றது, இதை ஏற்கவில்லை. அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் போல் ஒலிக்கும் என்று தொல்காப்பியமே சொல்வதால் யோசனை புதிதல்ல. ஐயா, அய்யா இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ஆனால் சொல்லின் கடைசியில் ஐகாரம் குறுகி ஒலிக்கும். ‘வாழய்’ என்று எழுதினால் வாழை வராது. ‘மரத்தை’யில் வேற்றுமை உருபே ஐதான். எனவே ஐ இருக்கட்டும். ஔ தான் உண்மையில் குறைவாகப் பயன்படுவது. அதை விட்டுவிடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தேர்வில் மட்டும் பாடநூலில் உள்ளபடி எழுதட்டும்.

கணினியில் தட்டச்சு செய்கிறாள் என்றால் இன்னொன்று. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறியை ஒரே குறியாக இட வேண்டும். கெ போட்டுப் பக்கத்தில் ள சேர்த்தாலும் திரையில் அப்படியே தெரியும்; ஆனால் கணினிக்கு அது வேறு சொல், தேடினால் கிடைக்காது.