பிங் பச்சையாக இருந்தால் போதுமா? ஸ்கேனர் சர்வர் கண்காணிப்பு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பனியன் கம்பெனிகள், நூல் மில்கள், குடோன்களில் இருந்து. கையடக்க ஸ்கேனர்களுக்கும் டேப்லெட்களுக்கும் வேலை கொடுக்கும் சர்வரை எப்படிக் கண்காணிப்பது என்பதுதான் எல்லோருடைய கவலையும். ஒரு வேண்டுகோள்: எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை தரும் பெட்டி), எத்தனை ஸ்கேனர், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு ஆகிய நான்கையும் எழுதாமல் "சரியா வரமாட்டேங்குது" என்று மட்டும் எழுதினால் ஊகமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

ஜாபிக்ஸ் போடறதா, பிரோமிதியஸ் போடறதாங்க? (அன்னூர்)

இரண்டும் கண்காணிப்பு மென்பொருள்கள். சுவிட்ச், வைஃபை கன்ட்ரோலர், யூபிஎஸ் என்று எஸ்என்எம்பி (கருவிகளின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) பேசும் பெட்டிகள் அதிகம், பார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு பேர்தான் என்றால் ஜாபிக்ஸ். சர்வர் முழுக்க மென்பொருள் கன்டெய்னரில் (டாக்கர் போன்றது) ஓடுகிறது என்றால் பிரோமிதியஸ். இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

கண்காணிப்பு சர்வருக்கு எவ்வளவு டிஸ்க் வாங்கறது? (ஈரோடு)

எதைக் கண்காணிக்கப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லை. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், எண்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஜாபிக்ஸில் 3000 ஐட்டம் (அளக்கும் விஷயம்), நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் விநாடிக்கு 50 மதிப்பு. ஒரு மதிப்புக்கு 90 பைட் என்று வைத்தால் 30 நாள் வரலாற்றுக்குச் சுமார் 11 ஜிபி. மணிக்கணக்கு சராசரியை ஐந்து வருடம் வைத்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்கி வாங்குங்கள், எஸ்எஸ்டியாக வாங்குங்கள்.

ஒவ்வொரு ஸ்கேனருக்கும் தனித்தனி ஐட்டம் உருவாக்க வேண்டாம். ஸ்கேனர் நகர்ந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிப்பு விதி (கருவிகளைத் தானே தேடிச் சேர்க்கும் வசதி) ஐட்டங்களை உருவாக்கி அழித்து, உருவாக்கி அழித்து, டேட்டாபேஸ் அதிலேயே மூச்சு வாங்கும். ஆக்சஸ் பாயிண்டுக்கு எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், சேனல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, மறு அனுப்பல் எத்தனை சதவீதம் என்ற மூன்றும் போதும். இன்னொன்று: ஸ்கேனர் சர்வர் ஓடும் அதே மெஷினில் கண்காணிப்பை நிறுவாதீர்கள். அது விழும்போது சொல்லவேண்டியதும் சேர்ந்து விழுந்துவிடும்.

எங்க டேஷ்போர்டுல எல்லாமே பச்சைங்க. பிங் 1 மில்லிசெகண்டுல வருது. ஆனா பேக்கிங் செக்ஷன்ல ஸ்கேன் பண்ணினா சுத்திட்டே இருக்குது. முதலாளி எங்க மேல கோபப்படறாரு. (திருப்பூர்)

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ஊரில் இருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. கருவியை நிறுவிக் கொடுத்தவர் ஐம்பது ஐபிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டு, பெரிய டிவியில் பச்சைக் கட்டங்களைக் காட்டிவிட்டு பில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பிங் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பெட்டியின் நெட்வொர்க் அடுக்கு உயிரோடு இருக்கிறது. அப்ளிகேஷன் தொங்கிப்போன சர்வரும் பிங்குக்கு அழகாகப் பதில் சொல்லும்.

பேக்கிங் டேபிளில் நிற்கும் பெண் டிரிக்கரை அழுத்தியதில் இருந்து திரையில் டிக் வரும் வரை நடப்பதைப் பாருங்கள். ஸ்கேனர் ஆக்சஸ் பாயிண்டைப் பிடிக்க வேண்டும். ரேடியஸ் சர்வர் (யார் சேரலாம் என்று முடிவு செய்வது) 1812-ஆம் போர்ட்டில் அனுமதி தர வேண்டும். டிஹெச்சிபி ஐபி கொடுக்க வேண்டும். டிஎன்எஸ் சர்வரின் பெயரை ஐபியாக மாற்றித் தர வேண்டும். அப்ளிகேஷனில் காலியான திரெட் (ஒரு வேலையை எடுத்துச் செய்யும் இழை) ஒன்று இருக்க வேண்டும். டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்க வேண்டும், பூட்டு இல்லாமல் எழுத வேண்டும். ஏழு இடத்தில் எது நின்றாலும் அவள் கையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் பிங் இதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு ராஸ்பெர்ரி பையை (கையளவு சிறு கம்ப்யூட்டர்) பேக்கிங் செக்ஷனிலேயே, ஸ்கேனர் பிடிக்கும் உயரத்தில், இடுப்பளவில் பொருத்துங்கள். சீலிங்கில் மாட்டினால் ஆக்சஸ் பாயிண்டுக்குப் பக்கத்தில் போய்விடும், பொய் சொல்லும். லேன் கேபிள் செருகக் கூடாது. ஸ்கேனர் சேரும் அதே வைஃபை பெயரில், அதே அனுமதி முறையில் சேரட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை லாகின் செய்து, ஒரு சோதனை பார்கோடை அனுப்பி, பதிலில் எதிர்பார்த்த சொல் இருக்கிறதா என்று பார்த்து, எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதை ஜாபிக்ஸுக்கு அனுப்பட்டும். ஒவ்வொரு படியின் நேரத்தையும் தனி ஐட்டமாக வையுங்கள். மொத்தம் 4 செகண்ட் என்று மட்டும் தெரிந்தால் பிரயோஜனம் இல்லை. அதில் 3.5 செகண்ட் ஐபி வாங்கவே போனது என்று தெரிந்தால்தான் கை வைக்க இடம் கிடைக்கும்.

இதில் வழுக்கும் இடங்கள் சில. சோதனை பார்கோடை உற்பத்திக் கணக்கில் சேராதபடி ஈஆர்பியில் (கம்பெனிக் கணக்கு மென்பொருள்) ஒதுக்கி வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 1440 போலி பீஸ் கணக்கில் ஏறும். சோதனை யூசருக்கு அந்த ஒரு வேலைக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு கரண்ட் போய் வந்தால் கெடும், அதனால் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றுங்கள். மில்லாக இருந்தால் ஃபேன் இல்லாத மூடிய பெட்டி. பஞ்சு தூசி ஃபேனை மாதக்கணக்கில் விட்டுவைக்காது.

எல்லை எவ்வளவு வைப்பது? முதல் இரண்டு வாரம் அலர்ட்டே வேண்டாம், அளந்து மட்டும் பாருங்கள். ஷிஃப்ட் மாறும் நேரம், ஷிப்மென்ட் நாள் எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு வழக்கமான நேரத்தின் மூன்று மடங்கு, தொடர்ந்து மூன்று முறை தாண்டினால் அலர்ட்.

உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் டிஹெச்சிபி மேல்தான். விண்டோஸ் டிஹெச்சிபியின் இயல்பான குத்தகை (ஒரு கருவி ஒரு ஐபியை வைத்திருக்கும் காலம்) 8 நாள். ஊழியர்களின் செல்போன்களும் அதே வைஃபையில் சேர்ந்தால் 250 ஐபி ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும், புதிதாக வரும் ஸ்கேனர் காத்துக் கிடக்கும். செல்போன்களைத் தனி விஎல்ஏஎன்னுக்கு (தனியாகப் பிரித்த நெட்வொர்க்) அனுப்புங்கள், அவற்றின் குத்தகையைச் சில மணி நேரமாகக் குறையுங்கள், காலி ஐபி 15 சதவீதத்துக்குக் கீழே போனால் அலர்ட் வையுங்கள்.

கோர் சுவிட்ச் கிராஃப்ல டிராஃபிக் திடீர்னு விழுந்து விழுந்து ஏறுது. சுவிட்ச் கெட்டுப்போச்சுங்களா? (கோவை)

சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் 32 பிட் கவுன்ட்டரை (கடந்துபோன பைட்களின் எண்ணி) வாசிக்கிறீர்கள். 1 ஜிகாபிட் வேகத்தில் அது சுமார் 34 விநாடியில் நிரம்பி மறுபடி சுழியத்தில் இருந்து ஆரம்பிக்கும். 100 மெகாபிட்டில்கூட ஆறு நிமிடத்துக்குள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசித்தால் நடுவே எத்தனை சுற்று போனது என்று கருவிக்குத் தெரியாது. 64 பிட் கவுன்ட்டருக்கு மாறுங்கள். எஸ்என்எம்பி வி1-இல் அது கிடைக்காது, வி2சி அல்லது வி3 வேண்டும்.

சுவிட்ச் டிராப் அனுப்புதே, அப்புறம் எதுக்குப் போலிங்? (பல்லடம்)

டிராப் என்பது சுவிட்ச் தானாக அனுப்பும் செய்தி, போலிங் என்பது நாம் போய்க் கேட்பது. டிராப் யூடிபியில், 162-ஆம் போர்ட்டில் வருகிறது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான், யாரும் மறுபடி அனுப்ப மாட்டார்கள். கரண்ட் போன சுவிட்ச் "நான் போய்விட்டேன்" என்று டிராப் அனுப்புவதும் இல்லை. இரண்டும் வேண்டும்.

ஜாவா சர்வரோட ஹீப் பார்க்கணும். ஜேஎம்எக்ஸ் போர்ட் ஃபயர்வால்ல திறந்தும் ஜாபிக்ஸ் இணைய மாட்டேங்குது. (சூலூர்)

ஜேஎம்எக்ஸ் என்பது ஜாவாவின் உள்நிலையை வெளியில் காட்டும் வழி. முதல் இணைப்பு நீங்கள் திறந்த போர்ட்டில் நடக்கும். அடுத்து ஆர்எம்ஐ (ஜேஎம்எக்ஸ் பயன்படுத்தும் தொலை இணைப்பு முறை) தன் இஷ்டத்துக்கு ஒரு போர்ட்டைத் தேர்ந்தெடுக்கும், அது ஃபயர்வாலில் அடிபடும். ஜாவா தொடக்கக் கட்டளையில் ஜேஎம்எக்ஸ் போர்ட், ஆர்எம்ஐ போர்ட் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேமாக சர்வரின் உண்மையான ஐபியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் சில மெஷின்களில் 127.0.0.1 என்று தன்னையே காட்டிக்கொள்ளும். ஜாபிக்ஸ் ஜாவா கேட்வே 10052-இல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் ஜேஎம்எக்ஸைத் திறந்து வைக்காதீர்கள். அதன் வழியாக சர்வருக்குள் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ஹீப் (ஜாவா பயன்படுத்தும் மெமரி) 80 சதவீதம் என்று அலர்ட் வைக்காதீர்கள். ஹீப் ஏறி இறங்குவது இயல்பு. முழு கார்பேஜ் கலெக்ஷன் (வேண்டாத மெமரியை விடுவிக்கும் வேலை) முடிந்த பின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதைப் பாருங்கள், அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் உயர்ந்தால் லீக். அப்ளிகேஷன் சர்வர் டாம்கேட்டாக இருந்தால் ஓடும் திரெட் எண்ணிக்கையும் அவசியம். இயல்பான உச்சம் 200. அதைத் தொட்டபின் வரும் ஸ்கேன் எல்லாம் வரிசையில் நிற்கும்.

ஒரு நாளைக்கு நானூறு மெயில் வருதுங்க. யாரும் பார்க்கறதில்ல. (கரூர்)

பார்க்காதது அவர்கள் தப்பு இல்லை. முதலில் சார்பு அமையுங்கள்: கோர் சுவிட்ச் விழுந்தால் அதன் கீழ் இருக்கும் 40 ஆக்சஸ் பாயிண்டும் வாய் திறக்கக் கூடாது. அடுத்து, ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் வேறாக இருக்கட்டும். சேனல் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டினால் அலர்ட், 45-க்குக் கீழே வந்தால்தான் சரியானதாகக் கணக்கு. இல்லாவிட்டால் 59-க்கும் 61-க்கும் நடுவே ஆடி ஆடியே நூறு மெயில் அனுப்பும்.

மிச்சம் இருக்கும் ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு ஆள் பெயரும், அவர் செய்ய வேண்டிய முதல் வேலையும் எழுதுங்கள். எழுத முடியாத அலர்ட்டை நீக்குங்கள். அது கிராஃபில் இருந்தால் போதும்.

எஸ்எம்எஸ் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி நிறுவனப் பெயர், ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (வாசக மாதிரி) மூன்றும் வணிக எஸ்எம்எஸ்ஸுக்கான டிஎல்டி தளத்தில் பதிவாகி இருக்க வேண்டும். ஜாபிக்ஸ் அனுப்பும் வாசகம் டெம்ப்ளேட்டோடு பொருந்தாவிட்டால் ஆபரேட்டர் நிறுத்திவிடுவார். மாறும் பகுதிகளை மாறிகளாகக் குறித்து, சின்னதாக ஒரே டெம்ப்ளேட் பதிவு செய்யுங்கள். டெலிகிராம் பாட் சுலபம்தான், ஆனால் உங்கள் இன்டர்நெட் போனால் அதுவும் போகும்.

கரண்ட் போனா சர்வர் ஓடுது, ஸ்கேனர் மட்டும் நிக்குது. (பெருந்துறை)

ஆக்சஸ் பாயிண்டுக்கு நெட்வொர்க் கேபிள் வழியே கரண்ட் கொடுப்பது பிஓஇ சுவிட்ச். அது யூபிஎஸ்ஸில் இல்லை, போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடி இடைவெளியே அதற்குப் போதும், அப்புறம் சுவிட்ச் பூட் ஆகி, ஆக்சஸ் பாயிண்ட் பூட் ஆகி, கன்ட்ரோலரைத் தேடிப் பிடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஷெட்டில் இருக்கும் ஒவ்வொரு பிஓஇ சுவிட்ச்சுக்கும் சிறு யூபிஎஸ் வையுங்கள். பெரிய யூபிஎஸ்ஸில் எஸ்என்எம்பி கார்டு போட்டு, இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற மதிப்பை வாசியுங்கள். பேட்டரி ஓட்டத்துக்கு மாறியதும் அலர்ட் வேண்டாம், ஒரு நிமிடம் தாண்டினால் போதும்.

கரண்டோடு கண்காணிப்பு சர்வரும் போகலாம். அது உயிரோடு இருக்கிறதா என்று வெளியில் இருந்து, வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ இருந்து ஒன்று பார்க்க வேண்டும்.

கிளை யூனிட்டுக்கு லைன் கட்டானா கிராஃப்ல ஓட்டை விழுது. (காங்கேயம்)

கிளையில் ஜாபிக்ஸ் பிராக்ஸி வையுங்கள். லைன் இல்லாதபோது சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும். ஆஃப்லைன் பஃபரின் இயல்பு அளவு 1 மணி நேரம்தான், 24 ஆக்குங்கள்.

குடோன்ல சிக்னல் சோதிச்சப்போ அருமையா இருந்துச்சு. சரக்கு வந்ததும் விழுந்துருச்சு. (பொள்ளாச்சி)

காலிக் குடோனில் சோதித்திருப்பீர்கள். சரக்கு அடுக்கியபின் அது வேறு குடோன். ஈரப்பதம் உள்ள சரக்கு சிக்னலைக் குடிக்கும், இரும்பு ரேக் திருப்பி அடிக்கும். சரக்கு நிரம்பிய நாளில், ரேக் சந்துக்குள் நின்று, ஸ்கேனர் கையில் சிக்னல் வலிமை -67 டிபிஎம்முக்குக் குறையாமல், இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் 25 டிபி இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பவரைக் கூட்டுவது மருந்தல்ல. ஆக்சஸ் பாயிண்ட் கத்தும், ஸ்கேனரின் சின்னக் குரல் திரும்பக் கேட்காது. சந்துக்குள் ஆக்சஸ் பாயிண்டைக் கூட்டி, பவரைக் குறையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம்.

லாக்ல கன்ட்ரோலர் ஒரு நேரம், சர்வர் ஒரு நேரம் காட்டுது. பெரிய விஷயமுங்களா? (நாமக்கல்)

பெரிய விஷயம்தான். நேரம் பொருந்தாத லாக்கை வைத்து எது முதலில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சான்றிதழ் வழி அனுமதியும் இதனால் உடையும். செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு பொருந்தும் நேர சர்வரோடு, கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். லாக் 180 நாள் இருக்க வேண்டும். உள்ளே ஒரு மெஷினை நேர சர்வராக்கி, கன்ட்ரோலர், சுவிட்ச், சர்வர், யூபிஎஸ் கார்டு எல்லாவற்றையும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். விலகல் அரை விநாடியைத் தாண்டினால் அலர்ட். ரேடியஸ் சான்றிதழ் காலாவதிக்கு 30 நாள் முன்பும் ஒரு அலர்ட் வையுங்கள். அது முடியும் காலையில் ஒரு ஸ்கேனரும் உள்ளே வராது.

எஸ்என்எம்பி வி3-க்கு மாத்தினோம். ரெண்டு சர்வர்ல ஒண்ணு மட்டும் வருது, மாறி மாறி. (திருப்பூர்)

ஒரே விஎம்மை (மெய்நிகர் மெஷின்) குளோன் செய்திருக்கிறீர்கள், இரண்டுக்கும் ஒரே என்ஜின் ஐடி (எஸ்என்எம்பி வி3 ஒரு மெஷினை அடையாளம் காணும் எண்). ஒன்றில் எஸ்என்எம்பி சேவையை நிறுத்தி, அதை அழித்து, மறுபடி தொடங்குங்கள்.

கம்யூனிட்டி ஸ்ட்ரிங் "பப்ளிக்"னே இருக்குது. உள் நெட்வொர்க்தானே, விட்டுடலாமுங்களா? (அவிநாசி)

கூடாது. அது எஸ்என்எம்பியின் பாஸ்வேர்ட் மாதிரி. இன்றே மாற்றுங்கள்.