வாசகர் கேள்வி – பதில்: மிதி லேத்தில் மரை வெட்டுவது

கீழக்கரை வாசகர்: பழைய பட்டறை ஒன்றிலிருந்து சின்ன மிதி லேத் (காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரம்) வாங்கியிருக்கிறேன். கூடவே ஒரு டப்பா நிறைய பல்சக்கரங்கள். அட்டவணைத் தகடு இல்லை. அரை இன்ச் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு) போல்ட்டும், முக்கால் இன்ச் பைப் மரையும் வெட்ட வேண்டும். எந்தச் சக்கரத்தை எங்கே மாட்டுவது?

தகடு இல்லாவிட்டால் பரவாயில்லை, கணக்கு சுலபம். முதலில் லீட் ஸ்க்ரூவில் (டூலை நகர்த்தும் நீளத் திருகில்) ஸ்கேலை வைத்து ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். இந்த அளவு லேத்களில் பெரும்பாலும் 8 இருக்கும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் பல்லையும் எண்ணி, அதன் மேலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

ஓட்டும் சக்கரத்தின் பல்லை ஓடும் சக்கரத்தின் பல்லால் வகுத்தால் வருவதும், லீட் ஸ்க்ரூ மரையை வெட்ட வேண்டிய மரையால் வகுத்தால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை இன்ச் விட்வொர்த்துக்கு இன்ச்சுக்கு 12 மரை. 8/12 என்றால் 40/60. ஸ்பிண்டில் (வேலைப் பொருளைச் சுழற்றும் தண்டு) பக்கம் 40, லீட் ஸ்க்ரூவில் 60. முக்கால் பைப்புக்கு 14 மரை, அதற்கு 40/70. ஒரு இன்ச் பைப்புக்கு 11 மரை, 40/55. நடுவில் மாட்டும் ஐட்லர் எத்தனை பல்லாக இருந்தாலும் கணக்கு மாறாது. ஒரு ஐட்லர் கூடினால் லீட் ஸ்க்ரூ சுற்றும் திசை மாறும், அவ்வளவுதான். பல்லோடு பல்லை இறுக்கிக் கோக்காதீர்கள். நடுவே ஒரு துண்டு நியூஸ் பேப்பரை வைத்து அழுத்தி, போல்ட்டை முடுக்கிய பின் பேப்பரை உருவினால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: முக்கால் பைப் என்றால் வெளிவிட்டம் முக்கால் இன்ச் அல்ல, 26.44 மி.மீ. கம்பியை 19 மி.மீ.க்குக் கடைந்துவிட்டு நிற்பவர்கள் நிறைய.

இரண்டு மரைக்கும் டூல் முனை 55 டிகிரி. மரையின் ஆழம், இன்ச் கணக்கில் 0.64ஐ மரை எண்ணிக்கையால் வகுத்தால் வரும். 12 மரைக்கு 1.36 மி.மீ., 14 மரைக்கு 1.16 மி.மீ. முதல் வெட்டில் டூல் மேலே கோடு மட்டும் கிழிக்கட்டும். ஸ்கேலை வைத்து ஒரு இன்ச்சுக்குள் 12 இடைவெளி இருக்கிறதா என்று எண்ணிவிட்டு மேலே போங்கள். அடுத்த வெட்டுகள் 0.1 மி.மீ., கடைசி இரண்டு மூன்று 0.05க்கு மேல் வேண்டாம். பேக் கியரை (ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைக்கும் சக்கரங்களை) போட்டுக்கொள்ளுங்கள். மரை வெட்ட வேகம் தேவையில்லை என்பதால் இந்த வேலைக்குக் கால் பலமே தாராளம். டூல் ஹை ஸ்பீடு ஸ்டீலில், எண்ணெய்க்கல்லில் தீட்டியதாக இருக்கட்டும். கார்பைடு டிப் கேட்கும் வேகத்தையும் அழுத்தத்தையும் கால் கொடுக்காது.

மிதி லேத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கிராங்க் உச்சியில் நின்றுவிட்டால் மிதிபலகை எந்தப் பக்கமும் கிளப்பும். பின்னோக்கிக் கிளம்பினால் டூல் முனை போய்விடும். பெல்ட்டைக் கையால் முன்னோக்கி இழுத்துவிட்டு மிதியுங்கள். இரண்டாவது, காலை எடுத்தாலும் ஃப்ளைவீல் உடனே நிற்காது. மரை முடியும் இடத்தில் 4 மி.மீ. அகலத்துக்கு, மரை ஆழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு காடி வெட்டிவைத்து, கடைசிச் சில சுற்றுகளைச் சக்கை (வேலைப் பொருளைப் பிடிக்கும் பாகத்தை) கையால் பிடித்துச் சுற்றுங்கள்.

அதே வாசகர்: அடுத்த வெட்டுக்குத் திரும்பும்போது டூல் பழைய காடியில் விழ மாட்டேன் என்கிறது. மரை காட்டும் டயல் என் லேத்தில் இல்லை.

லேத்தை முழுதாக நிறுத்துங்கள். டூலைப் பின்னுக்கு இழுத்து, ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் பிளவு நட்டை) திறந்து, டூலைத் தாங்கும் காரியேஜைச் சரியாக ஒரு இன்ச்சோ, இரண்டு இன்ச்சோ, முழு இன்ச் கணக்கில் பின்னால் தள்ளி மூடுங்கள். லீட் ஸ்க்ரூ 8 என்றால், இன்ச்சுக்கு முழு எண்ணில் வரும் எந்த மரையும் அந்த இடத்தில் சேர்ந்துவிடும். 8, 16, 24 என்று எட்டின் மடங்காக வெட்டும்போது எங்கே மூடினாலும் சரி. மூடும்வரை ஸ்பிண்டிலைத் தொடக்கூடாது. பெட்டில் (லேத்தின் அடித்தளத்தில்) ஒரு ஸ்டாப் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

பாம்பன் வாசகர்: படகு இன்ஜின் போல்ட் எல்லாம் இப்போது மி.மீ.தானே? இன்ச் லேத்தில் வெட்ட முடியுமா?

முடியும். ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்பதால் கணக்குத் துல்லியமாக வர 127 பல் சக்கரம் வேண்டும். 8 மரை லீட் ஸ்க்ரூவில் எம் 10க்கு (இடைவெளி 1.5) 60/127, எம் 12க்கு (1.75) 70/127, எம் 16க்கு (2) 80/127. ஆனால் 20 டி.பி. (பல் அளவு: விட்டத்தில் இன்ச்சுக்கு 20 பல்) பல்லில் 127 பல் சக்கரத்தின் விட்டம் 164 மி.மீ. வரும். சின்ன லேத்தில் அது உட்காராது. அதற்குப் பதில் 63 பல் போதும்: 30/63, 35/63, 40/63. பிழை நூற்றுக்கு 0.8. பத்து மி.மீ. உயர நட்டில் அது 0.08 மி.மீ.; நட் ஏறிவிடும். நீள ஸ்க்ரூவுக்கு மட்டும் உதவாது. இங்கே மேலே சொன்ன இன்ச் தந்திரம் செல்லாது. ஹாஃப் நட்டைத் திறக்காமலே டூலைப் பின்னுக்கு எடுத்து, லேத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். டூல் முனையும் இதற்கு 60 டிகிரி.

மண்டபம் வாசகர்: மரை வெட்டும் கியர்பாக்ஸ் எப்போது வந்தது? பழையது கிடைத்தால் மிதி லேத்தில் மாட்டலாமா?

ஹென்றி மாட்ஸ்லி 1800 வாக்கில் லண்டனில் செய்த லேத்திலேயே லீட் ஸ்க்ரூவும் மாற்றிப்போடும் சக்கரங்களும் இருந்தன. 1841ல் ஜோசப் விட்வொர்த் எந்த விட்டத்துக்கு எத்தனை மரை என்று வரையறுத்தார். அதற்குப் பிறகும் மரை மாறும்போதெல்லாம் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வேலை தொடர்ந்தது. அமெரிக்காவில் ராக்ஃபோர்டின் பார்ன்ஸ், இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டின் டிரமண்ட் போன்றவர்கள் விற்ற மிதி லேத்கள் இந்தச் சக்கரங்களோடுதான் வந்தன.

1892ல் அமெரிக்காவில் வெண்டல் நார்ட்டன் காப்புரிமை வாங்கிய பெட்டிதான் திருப்பம். டாரிங்டனில் இருந்த ஹெண்டி நிறுவனம் அதைத் தன் லேத்தில் வைத்தது. உள்ளே சின்னதிலிருந்து பெரிதாக வரிசையாக அடுக்கிய சக்கரக் கூம்பு. லீவரோடு நகரும் ஒரு சக்கரம், நடுவில் ஊசலாடும் ஐட்லர் வழியாகக் கூம்பில் வேண்டிய சக்கரத்தோடு பல் கோக்கும். லீவரில் உள்ள பின் (ஊசி) துளையில் விழுந்ததும் பூட்டிக்கொள்ளும். கூம்பின் பல் எண்ணிக்கை மரை எண்ணிக்கையின் விகிதத்திலேயே இருக்கும்: 32, 36, 40, 44, 46, 48, 52, 56 பல் என்றால் 8, 9, 10, 11, 11½, 12, 13, 14 மரை. இன்னொரு லீவர் இவற்றை இரட்டிக்கும். 11½ என்பது அமெரிக்கப் பைப் மரைக்காக. நம் ஊருக்கு அது தேவைப்படாது.

மாட்டுவதைப் பொறுத்தவரை எங்கள் கருத்து: வேண்டாம். பெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். மாதத்துக்கு நாலு மரை வெட்டுகிறவருக்கு டப்பாவில் உள்ள சக்கரங்களே எல்லாம் செய்யும். கூடும் ஒவ்வொரு பல்லிணைப்பும் உங்கள் காலிலிருந்து பலத்தைப் பிடுங்கும். அப்படியும் வாங்குவதானால் கூம்புச் சக்கரங்களின் ஓரப் பற்களைப் பாருங்கள். ஓட்டத்தில் லீவரை மாற்றியிருந்தால் அங்கேதான் உடைந்திருக்கும். லீவரின் பின்னும் துளையும் தேய்ந்திருந்தால் வெட்டும்போது தானாகவே நழுவும்.

தொண்டி வாசகர்: என்னிடம் 55 பல் சக்கரம் மட்டும் இல்லை. கியர் வெட்டுகிறவர் 1.25 மாட்யூலில் (மி.மீ. கணக்கில் பல் அளவு) போட்டுத் தருகிறேன் என்கிறார்.

இருக்கும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையோடு 2 சேர்த்து, வெளிவிட்டத்தால் (இன்ச்சில்) வகுங்கள். 40 பல் சக்கரம் 2.1 இன்ச் இருந்தால் 42/2.1, அதாவது 20 டி.பி. மாட்யூலில் அது 1.27. ஆகவே 1.25 ஒத்துப்போகாது, சத்தம் போட்டுக்கொண்டு ஓடும், பல் சீக்கிரம் தேயும். 20 டி.பி. கட்டர் வைத்திருப்பவரைத் தேடுங்கள். அழுத்தக் கோணம் (பல் பக்கத்தின் சாய்வு) 14½ டிகிரியா, 20 ஆ என்பதைப் பழைய சக்கரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: லேத்தை எத்தனை தேய்த்தாலும் ஒரு வாரத்தில் துரு திரும்பிவிடுகிறது.

துருவின் அடியில் உப்பு தங்கியிருக்கிறது. எமரி தாளால் மேலே தேய்த்தால் அது போகாது. கழற்றிய இரும்புப் பாகங்களை வாஷிங் சோடா கரைத்த நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊரில் மழைநீரோ குடிநீரோதான் வேண்டும். பித்தளை, அலுமினியம், துத்தநாக வார்ப்புச் சக்கரங்களை இதில் போடாதீர்கள். கழுவியதும் வெயிலில் காயவைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். பெட்டின் மேல் கோணிச் சாக்கு போட்டு மூடாதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எண்ணெயில் நனைத்த பருத்தித் துணி போதும்.