ஆறு லட்சத்தில் ஒரு ரோபோ பட்டறை

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை நான். உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டிக்கு மூன்று அணிகளைத் தயார் செய்கிறோம்; மொத்தம் ஒன்பது பேர். பயிற்சிக்கூடம் அமைக்க முன்னாள் மாணவர்கள் 6 லட்சம் ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். தரைத்தளத்தில் 30 அடிக்கு 20 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. ஒரு நிறுவனம் 5.80 லட்சத்தில் எல்லாவற்றையும் அமைத்துத் தருவதாகச் சொல்கிறது. போட்டி மேசைக்கு மட்டும் 38,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். ‘முறைப்படி 1500 சதுர அடி வேண்டும், உங்கள் அறைக்குச் சிறிய தொகுப்புதான் தர முடியும்’ என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. 1500 சதுர அடி என்பது, பள்ளிகளில் பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழகும் கூடம் அமைக்க மத்திய அரசின் நிதி ஆயோக் தரும் அடல் டிங்கரிங் ஆய்வக மானியத்துக்காகச் சமவெளிப் பள்ளிகளுக்குச் சொன்ன அளவு. நீங்கள் செலவழிக்கப்போவது முன்னாள் மாணவர்களின் பணம். ஒன்பது பிள்ளைகளுக்கு 600 சதுர அடி தாராளம்.

இந்த வியாபாரிகளை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். சுவர் முழுக்க ரோபோ படம், கண்ணாடிக் கதவு, திறப்பு விழாப் பலகை எல்லாம் கொட்டேஷனில் இருக்கும். எர்த் கம்பி மட்டும் இருக்காது. மூன்று கொட்டேஷன் கேட்டால் மூன்று லெட்டர்ஹெட்டில் அவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்ததை நான் சுட்டிக்காட்டியபோது, ‘கோப்புக்கு மூன்று தாள் போதும் சார்’ என்று பதில் வந்தது. அந்தக் கோப்பும் நகர்ந்தது.

மேசைக்கு வருகிறேன். ரோபோ ஓட வேண்டிய கோடுகள் அச்சிட்ட போட்டி விரிப்பு 2362 மி.மீ. நீளம், 1143 மி.மீ. அகலம், அதாவது 93 அங்குலத்துக்கு 45 அங்குலம். கடையில் கிடைக்கும் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையில் விரித்தால் நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். அந்த ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ரீப்பர் கட்டை அடித்துவிட்டால் மேசை தயார். உங்கள் ஊர்த் தச்சர் ஒரே நாளில் முடித்துவிடுவார். இரண்டு மேசை செய்யச் சொல்லுங்கள். சுற்றிலும் மூன்றடி நடைபாதை விட்டாலும் அறையில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

மேசையை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பள்ளியில் காலையில் கறுப்புக் கோட்டைப் பிசகாமல் பிடித்துப் போன ரோபோ, மூன்று மணிக்குக் கோட்டை விட்டு நேராக ஓடியது. பிள்ளைகள் இரண்டு நாள் நிரலை மாற்றி மாற்றி எழுதினார்கள். கோளாறு மேற்கு ஜன்னலில் இருந்தது. சாய்வெயில் விரிப்பில் விழுந்ததும் வண்ணத்தை அறியும் சென்சாருக்குக் கறுப்பு எது, வெள்ளை எது என்று குழம்பிவிட்டது. ஆகவே மேசைகளை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள், கெட்டித் திரை மாட்டுங்கள். டியூப் லைட்டை மின்விசிறிக்கு மேலே மாட்டாதீர்கள். இறக்கைகளின் நிழல் விரிப்பின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் சென்சார் படிக்கும்.

மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். சுவரோரம் வேலைப்பலகை உயரத்துக்குச் சற்று மேலே பிளக்குகள் வரட்டும். தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுபடக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எர்த்தின் மின்தடையை அளந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத பிளக்குகளைப் புத்தம் புதிய ஆய்வகங்களிலேயே கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

அணிக்கு ஒரு பூட்டுள்ள அலமாரி போதும். சின்ன நட்டு, போல்ட்டுக்கு வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிட நல்ல சாமான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

எல்லாவற்றையும் உள்ளூரில் செய்யச் சொல்லும் நான், ஒன்றில் மட்டும் கறாராக இருக்கிறேன். கடையில் வாங்கும் லெகோ ரோபோ தொகுப்போடு வரும் பேட்டரி பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஆனால் நாளை பிள்ளைகள் சொந்தமாக ரோபோ கட்டினால் லித்தியம் பாலிமர் பேட்டரி உள்ளே வரும். தவறாக சார்ஜ் செய்தால் அது தீப்பிடிக்கும். அதற்கு மலிவு சார்ஜர் வாங்காதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்த்து, 4.2 வோல்ட்டில் நிறுத்தும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். மரப்பலகையில் வைத்து சார்ஜ் செய்யக் கூடாது. டைல்ஸ் பதித்த திண்டில், பக்கத்தில் மணல் வாளியோடு, ஆசிரியர் அறையில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இரவில் சார்ஜில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அறவே கூடாது. விடுமுறைக்கு மூடும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட்டுப் போங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கியோ குத்தியோ பார்க்க யாரையும் விடாதீர்கள். ‘இன்னும் ஓடுகிறதே’ என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான்.

கடைசியாக, இருப்புப் பதிவேடு. கம்பி, ரெசிஸ்டர், சின்ன மோட்டார் எல்லாவற்றையும் முதல் நாளே நுகர்பொருள், அதாவது பயன்படுத்தித் தீரும் பொருள், என்று எழுதிவிடுங்கள். நிலைப்பொருளாக எழுதினால், கருகிய ஒரு மோட்டாருக்குத் தணிக்கையில் நீங்கள் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில்தான் பல பள்ளிகள் ஆய்வகத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன. ஒரு பள்ளியில் உறை பிரிக்காத இயந்திரங்கள் உள்ளே இருந்தன. பிள்ளைகள் வராந்தாவில் விரிப்பைப் போட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சாவி எங்கே என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது. உங்கள் சாவியை மாலை ஆறு மணி வரை பள்ளியில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.