வராதவரையும் கேளுங்கள்

கேள்வி: போராட்டத்துக்கு வருபவர்கள் கொள்கைப் பிடிப்பால் வருகிறார்களா, நண்பர்கள் கூப்பிட்டு வருகிறார்களா? யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் வந்தவரிடம் மட்டும் ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டால் அவர் கொள்கையைத்தான் சொல்வார். அதே கொள்கையோடு வீட்டிலேயே இருந்துவிட்டவர் கணக்கில் வரமாட்டார்.

அவரையும் கணக்கில் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டக் மெக்ஆடம். 1964 கோடையில், மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய, பெரும்பாலும் வடமாநிலக் கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாகப் போனார்கள். உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலை. ஜூன் 21 அன்றே மூவர் கொல்லப்பட்டனர். அந்தத் தொண்டர்களின் விண்ணப்பங்கள் அட்லாண்டாவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. போனவர்கள் 720 பேர். விண்ணப்பித்துவிட்டுப் பின்வாங்கியவர்கள் 239 பேர். இரு தரப்பும் கிளம்புவதற்கு முன்பே எழுதியவை என்பதால், பிற்காலத்து நினைவு பூசிய மெருகு அவற்றில் இல்லை.

1986இல் அவர் வெளியிட்ட முடிவு: கொள்கையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. போனவர்கள் அதிக அமைப்புகளில் இருந்தார்கள், முன்பே சிறு போராட்டங்களில் பழகியிருந்தார்கள், நெருங்கிய நண்பர்களும் உடன் போனார்கள். ‘உங்களைப் பற்றிய செய்தியை யாருக்குத் தெரிவிக்கலாம்? பத்துப் பேரையாவது எழுதுங்கள்’ என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஆதரவு திரட்டக் கேட்டது. ஆய்வாளருக்கு அதுவே நட்பு வலையைக் காட்டிவிட்டது! ஆகவே, விண்ணப்பிக்க வைத்தது கொள்கைதான். கடைசியில் யார் போவார் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: நாளிதழ்களைப் புரட்டி எங்கள் மாவட்டப் போராட்டங்களைக் கணக்கெடுக்கலாமா?
- ஆய்வு மாணவர், திருச்சி

பதில்: எடுக்கலாம், கவனமாக. வாஷிங்டனில் 1982, 1991 ஆண்டுகளின் காவல்துறை அனுமதிப் பதிவுகளைச் செய்திகளோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலான ஆர்ப்பாட்டங்கள் அச்சேறவே இல்லை. கூட்டம் பெரிதாக இருந்தால்தான் வாய்ப்பு.

ஒரே நாளிதழின் ஒரே மாவட்டப் பதிப்பை விடாமல் எடுங்கள். நடுவில் பதிப்பு மாறினால், கூடியது போராட்டமா பக்கங்களா என்று தெரியாது. மூன்று நாள் செய்தியான ஒரே மறியலை மூன்றாக எண்ணிவிடுவது வழக்கமான தவறு. இடம், கோரிக்கை, தொடங்கிய தேதி மூன்றையும் குறித்தால் பிடிபடும். முதல் 50 செய்திகளை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள். முரண்படும் இடத்தில், எதைப் போராட்டம் என்று எண்ணுவது என்ற உங்கள் வரையறை தெளிவாக இல்லை என்று அர்த்தம். ஒரு மாதத்துக்காவது காவல்துறை அனுமதிப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். அனுமதி பெறாத மறியல் அதில் இருக்காது.