தலைக்கு மேல் சத்தம், திரையில் ஒன்றுமில்லை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): விமானங்கள் அனுப்பும் ரேடியோ செய்திகளைப் பிடித்துத் திரையில் பார்க்க ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) வாங்கி, கூடவே வந்த காந்த அடி ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். 60 கி.மீ.க்கு அப்பால் ஒரு விமானமும் சிக்குவதில்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு இரண்டு முறை சொல்லிக்கொண்டே போகின்றன. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் வரும். மலையையும் கட்டடத்தையும் சுற்றிக்கொண்டு வராது. விமானத்தின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் எத்தனை கடல்மைல் வரை எட்டும் என்று தெரியும். 35,000 அடிக்கு சுமார் 425 கி.மீ., 3,000 அடிக்கு 125 கி.மீ. உங்களுக்கு 60தான் என்றால் வழியில் ஏதோ மறிக்கிறது.

முதல் சந்தேகம் ஜன்னல் மேல். வெப்பம் காக்கும் இரட்டைக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். ஜன்னலைத் திறந்து ஆன்டெனாவை வெளியே வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் விஷயம் முடிந்தது. அடுத்து, ஆன்டெனாக் கம்பியின் நீளம். 1090க்குக் கால் அலைநீளம் 6.9 செ.மீ., கம்பியும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். டிவிக்கென்று வரும் கம்பி இரண்டு மடங்கு நீளம்கூட இருக்கும், அளந்து வெட்டிவிடுங்கள். காந்த அடியை ஒரு பிஸ்கட் டின் மூடியின் நடுவில் நிறுத்துங்கள். மூடி 14 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும், கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். காசில்லாத இந்த வேலையே பல வீடுகளில் தூரத்தை இரட்டிப்பாக்கிவிடும்.

கூரைக்கு ஏற்றுவதென்றால் கேபிளைக் கவனியுங்கள். ஆன்டெனாவோடு வரும் மெல்லிய ஆர்ஜி174 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் விழுங்கும். 10 மீட்டர் இழுத்தால் வந்த சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடக் கீழே வந்து சேராது. டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி6 அதே தூரத்தில் இரண்டு டெசிபல் அளவுதான் இழக்கும். அது 75 ஓம் ஆயிற்றே, டாங்கிளோடு பொருந்தாதே என்று தயங்குவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது அற்பம். எல்லாவற்றையும் விட நல்லது, டாங்கிளையும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியையும் பரணிலேயே வைத்து நெட்வொர்க் கேபிளை மட்டும் கீழே இறக்குவது.

இவ்வளவுக்கும் பிறகு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால், பக்கத்தில் செல்போன் கோபுரம் இருக்கிறதா என்று பாருங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் சத்தம் டாங்கிளைத் திணறடிக்கும். ஆம்ப்ளிஃபயர் அந்தச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். கெயினை, அதாவது டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்ற ஏற்ற வரும் செய்திகள் குறைந்தால் அதுதான் அறிகுறி. அங்கே தேவை, 1090ஐ மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். மிகப் பலமாக, அதாவது மைனஸ் 3 டெசிபலுக்கு மேல் வரும் செய்திகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலும் கெயினை ஒரு படி இறக்குங்கள்.

கேள்வி (லிங்கன், இங்கிலாந்து): போர் விமானங்கள் வீட்டுக்கு மேலேயே போகின்றன, காது அடைக்கிறது. திரையில் எதுவும் இல்லை. ரிசீவர் பழுதா?

பதில்: பழுதில்லை. பயணி விமானம் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லும். போர் விமானங்கள் பல, ரேடார் கேட்டால் மட்டும் தன் அடையாள எண்ணையும் உயரத்தையும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதனால் வரைபடத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பட்டியலைப் பாருங்கள், இடமில்லாத ஒரு வரியாக அது இருக்கக்கூடும். ஆறு இலக்க எண் 43சி என்று தொடங்கினால் பிரிட்டிஷ் ராணுவம். ஏஇ என்றால் அமெரிக்க ராணுவம். மூன்று டைஃபூன் போர் விமானங்கள் அணியாகப் போனால் பெரும்பாலும் முன்னால் போவது மட்டுமே பதில் சொல்லும், ஆகவே ஒரு வரிதான் வரும். ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியான டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டால் அதுவும் இல்லை.

இடம் சொல்லாத விமானத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க எம்லாட் இருக்கிறது. ஒரே செய்தி குறைந்தது நான்கு ரிசீவர்களுக்கு எந்தெந்த நேரத்தில் வந்தது என்ற வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுவது. அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் ஓடும் என்பதால், உங்கள் ஆன்டெனாவின் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் பதிய வேண்டும். பலர் ஊரின் நடுப்புள்ளியைப் போட்டுவிட்டு, எம்லாட் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறார்கள். உயரத்தையும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டுப் போடுங்கள்.

கேள்வி (கார்டிஃப்): போர் விமானங்கள் தாழப் பறந்து பயிற்சி செய்யும் வேல்ஸ் பள்ளத்தாக்கான மாக் லூப் போகத் திட்டம். சனிக்கிழமை போனால் போதுமா?

பதில்: சனிக்கிழமை போனால் ஆடுகளைத்தான் பார்ப்பீர்கள். டால்கெத்லாய்க்கும் மகன்த்லெத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பள்ளத்தாக்குகளில் பயிற்சி பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, அதுவும் அரசு விடுமுறை இல்லாத நாளில். ஜெட்கள் 250 அடி வரை இறங்கும். கேட் வெஸ்ட், புல்க் போன்ற சரிவுகளில் நின்றால் விமானம் உங்கள் கண்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ போகும். ஆங்கில்சி தீவிலுள்ள வேலி தளத்தின் ஹாக், டெக்ஸன் விமானங்களும், லேக்கன்ஹீத் தளத்தின் எஃப்-15களும் வரலாம். எதுவும் வராமலும் போகலாம். டிராக்கிங் ஆப்பை நம்ப வேண்டாம்: 250 அடியில் சமதரையிலேயே அலை 36 கி.மீ.தான் எட்டும், இங்கே சுற்றிலும் மலை. கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 முதல் 1/1600. விசிறி வைத்த டெக்ஸனுக்கு 1/250க்கு இறக்காவிட்டால் விசிறி உறைந்து, அந்தரத்தில் தொங்கும் பொம்மை மாதிரி விழும்.

கேள்வி (ஸ்லாவ்): ராஸ்பெர்ரி பை இரண்டு நாளுக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது.

பதில்: செல்போன் சார்ஜரைக் கழற்றுங்கள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். அதற்கும் நின்றால் எஸ்டி கார்டை மாற்றுங்கள்.

கேள்வி (தாம்பரம்): விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. நானும் ரிசீவர் வைத்துப் படமும் எடுக்கலாமா?

பதில்: தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரிசீவர் விஷயத்திலும் நிதானம் தேவை. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல் அறையிலிருந்து விமானங்களைக் கவனித்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதானார்கள். உளவு என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. தலா 25,000 ரூபாய் அபராதம் கட்டிய பிறகே ஊர் திரும்பினார்கள். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. விமானி பேசுவதைக் கேட்கும் ஸ்கேனரை வாங்கவே வாங்காதீர்கள். டாங்கிளுக்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். அதுவரை ஆப் போதும். பயணி விமானங்களை வெறும் கண்ணால் பார்க்கப் பரங்கிமலை உச்சி இருக்கிறது, மீனம்பாக்கம் ஓடுபாதை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.