ரெட் ட்வார்ஃப் யாருடைய வாரிசு?

கேள்வி: பிபிசியின் ‘ரெட் ட்வார்ஃப்’ என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடர், ‘ஏலியன்’ என்ற திகில் படத்தைக் கிண்டலடிக்கத்தான் பிறந்தது என்கிறான் நண்பன். சரியா?

பதில்: பாதி சரி. 1989-இல் வந்த ‘பாலிமார்ஃப்’ என்ற எபிசோடுக்கு அது பொருந்தும். உருமாறும் ஜந்து கப்பலுக்குள் புகுந்து வேட்டையாடுவது அப்பட்டமான ‘ஏலியன்’ நையாண்டி. ஆனால் அது குடிப்பது ரத்தத்தை அல்ல, பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளை!

தொடரின் வேர் 1974-இல் ஜான் கார்பென்டர் இயக்கிய ‘டார்க் ஸ்டார்’ படம். அலுத்துப்போன ஊழியர்கள், அழுக்குக் கப்பல், செத்தும் உறைநிலையில் ஆலோசனை சொல்லும் கேப்டன். ரெட் ட்வார்ஃபில் செத்துப்போன ஊழியன் ரிம்மர் ஹோலோகிராமாக (ஒளியுருவமாக) வந்து உயிரை வாங்குகிறானே, அவனுக்கு அந்த கேப்டன் தூரத்து உறவு. டார்க் ஸ்டாரின் வேற்றுக்கிரக ஜந்து, நகம் ஒட்டிய ஒரு கடற்கரைப் பந்து. அதைத் துரத்தி அல்லாடும் ஊழியர் பின்பேக்காக நடித்த டான் ஓ'பேனன்தான் பிறகு ‘ஏலியன்’ திரைக்கதையை எழுதினார். ஆக, உங்கள் நண்பர் சொல்வது சித்தப்பாவை, தகப்பன் வேறு.

கேள்வி: எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: 1988-இன் முதல் எபிசோடைத் தவிர்க்காதீர்கள். நாயகன் லிஸ்டர் 30 லட்சம் ஆண்டுகள் உறைந்து கிடந்த காரணம் அதில்தான் இருக்கிறது. முதல் சீசன் மந்தமாகத் தெரிந்தால் மூன்றாவதுக்குத் தாவுங்கள். ரோபோ கிரைட்டன் நிரந்தரமாகச் சேர்வது அங்கேதான்.