அமிக்டலாவை அகற்றினால்?

கேள்வி: மூளையில் உள்ள அமிக்டலாதான் பயத்தின் இருப்பிடம் என்று படித்தேன். அதை அகற்றிவிட்டால் மனிதன் எதற்கும் அஞ்சாத தைரியசாலி ஆகிவிடுவானா?

பதில்: ‘அகற்றிவிட்டால்’ என்று எளிதாகக் கேட்டுவிட்டீர்கள். அது வெறும் கற்பனை அன்று, சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் டாக்டர் பி. ராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம் முதலிய நரம்பு அறுவை நிபுணர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத மூர்க்கம் கொண்ட நோயாளிகளின் மண்டையில் சிறு துளையிட்டு, ஊசி போன்ற கருவியைச் செலுத்தி, மூளையின் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு பகுதியான அமிக்டலாவைச் சிதைக்கும் சிகிச்சையைச் செய்தார்கள். அவர்களிடம் வந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அங்கே யாரும் தைரியத்தை நாடவில்லை. நோயாளியின் நடத்தை எவ்வளவு கட்டுக்குள் வந்தது என்பதைக் கொண்டே வெற்றி மதிப்பிடப்பட்டது. அந்தச் சிறுவர்கள் அதன்பின் எதிரில் நிற்பவரின் முகத்தை எப்படிப் படித்தார்கள் என்ற கேள்விதான் என்னை விடாமல் உறுத்துகிறது.

உறுத்தக் காரணம், எஸ்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஊர்பாக்-வீதே என்னும் அரிய நோயால் அவருடைய இரு பக்க அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. பாம்பு பிடிக்காது என்று சொல்லிவந்த அவர், ஆராய்ச்சியாளர்கள் செல்லப் பிராணிகள் விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றபோது பாம்பைக் கையில் வாங்கிச் செதில்களைத் தடவினார், நாக்கைத் தொட்டுப் பார்த்தார்; ஆபத்தான பாம்புகளையும் தொடலாமா என்று மீண்டும் மீண்டும் கேட்டார். இதுவரை கேட்பவர்கள் தைரியம் என்றே சொல்வார்கள். ஆனால் அச்சம் உறைந்த முகத்தின் படத்தைக் காட்டினால், அது அச்சம் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்பதை 1994இல் ரால்ப் அடால்ஃப்ஸ் குழுவினர் வெளியிட்டனர். 2005இல் அதன் காரணமும் தெரிந்தது: அவர் பார்வை இயல்பாகக் கண்களின் பக்கம் போவதே இல்லை. அச்சத்தைக் காட்டிக்கொடுப்பதோ அகல விரிந்து வெண்மை தெரியும் கண்களே. ‘கண்களைப் பாருங்கள்’ என்று சொன்னவுடன் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் பார்வை பழையபடி விலகிவிட்டது.

முன்பின் அறியாத ஒருவரை நோக்கி நடந்து, சங்கடமில்லாத தூரத்தில் நிற்கச் சொன்னபோது மற்றவர்கள் சராசரியாக 76 செ.மீ. இடைவெளி விட்டார்கள், அவர் விட்டது 34 செ.மீ. நம்பத் தகாதவர்கள் என்று மற்றவர்கள் ஒதுக்கும் முகங்களை, இவரைப் போன்ற நோயாளிகள் அணுகத் தக்கவையாகவே மதிப்பிட்டார்கள். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதையே காண முடியாத ஒருவரைத் தைரியசாலி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, பயமாவது முற்றிலும் போய்விட்டதா? அதுவும் இல்லை. மூச்சுமுட்டும் உணர்வை உண்டாக்கும், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கவைத்த சோதனையில், அதே பெண்மணி முகமூடியை எடுக்கச் சொல்லிக் கைகளை வீசிப் பதறிப்போனார். அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகள் இருவருக்கும் அப்படியே நேர்ந்தது. 2013இல் வெளியான இந்த முடிவு, உடலுக்குள்ளிருந்து எழும் திகிலுக்கு அமிக்டலா தேவையில்லை என்று காட்டிவிட்டது. எலிகளை வைத்து அமிக்டலாவின் வேலையை விளக்கிப் பெயர்பெற்ற ஜோசப் லெடூவே, அதைப் பயத்தின் மையம் என்று அழைப்பது தவறு, அது ஆபத்தை உணர்ந்து உடலைத் தற்காப்புக்குத் தூண்டும் அமைப்பு என்று பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘பய மையத்தை அணைக்கும் பயிற்சி’ என்று கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறவர்கள் விளம்பரம் கேட்டு நமக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இதழில் இடமில்லை என்ற முடிவில் மாற்றமில்லை.